பொடி வைப்போர் கையேடு: இன்சினுவேட் என்ற வினைச்சொல்லைப் பழகும் முறை

இந்தக் கையேடு ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கானது. புதிதாகக் கற்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவர்கள் முதலில் நேராகத் திட்டப் பழக வேண்டும். நேராகத் திட்டப் பழகி, அதனால் நாலு இடத்தில் பகை சம்பாதித்து, ‘இனி திட்டவும் வேண்டும், திட்டியதாகவும் இருக்கக் கூடாது’ என்ற பக்குவத்துக்கு வந்து சேர்ந்தவர்களே இன்சினுவேட் பக்கம் வரத் தகுதியானவர்கள்.

ஒருவரைப் பற்றி மோசமான ஒன்றை, அதைச் சொல்லாமலே, கேட்பவர் மனத்தில் முளைக்க வைப்பது: இதுதான் அந்தச் சொல் குறிக்கும் காரியம். பொடி வைத்துப் பேசுவது என்போம். சம்பந்தி வீட்டுப் பந்தியில் பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “முந்திரி போட்டிருக்கிறதாகச் சொன்னார்களே?” என்று கரண்டியால் துழாவும் பெரியவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் யாரையும் கஞ்சன் என்று சொல்லவில்லை. முந்திரியைத் தேடினார், அவ்வளவுதான். ஆகவே செயலில் நமக்குப் பயிற்சி தேவையில்லை. அதற்கான ஆங்கில வினைச்சொல்லைக் கையாளுவதில்தான் இடறுகிறோம்.

முதல் பாடமே விநோதமானது. இந்த வினைச்சொல்லை உங்களைப் பற்றி, நிகழ்காலத்தில், நீங்கள் சொல்லவே முடியாது. ‘ஐ ப்ராமிஸ்’ என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. ‘ஐ அப்பாலஜைஸ்’ என்றால் மன்னிப்புக் கேட்டாயிற்று. சொன்னதே செயலாகிவிடுகிறது. ‘ஐ இன்சினுவேட் தட் யூ ஆர் எ தீஃப்’ என்று சொல்லிப் பாருங்கள். மறைக்க வேண்டியதை நீங்களே அவிழ்த்துக் கொட்டியாகிவிட்டது. மிஞ்சியிருப்பது வெறும் திட்டு. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அந்த உரைகள் அவர் இறந்த பிறகு, 1962-இல், நூலாக வந்தன. நூலின் பெயர் ‘ஹவ் டு டூ திங்ஸ் வித் வேர்ட்ஸ்’. சொற்களால் காரியம் சாதிப்பது எப்படி என்று கற்றுத்தரும் தலைப்பு. உள்ளே போனால், நம் காரியத்தை மட்டும் அப்படிச் சாதிக்க முடியாது என்று போட்டிருக்கிறது. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கத் தத்துவவாதி ஸீனோ வெண்ட்லர் 1976-இல் இன்னும் ஒரு படி போய், இப்படிப்பட்ட வினைகளைத் தன்மையில் சொல்வதற்கே தற்கொலை என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். சொன்ன மாத்திரத்தில் செயல் செத்துவிடுகிறதாம்.

எதிர்மறையில் மட்டும் தடையில்லை. ‘ஐயாம் நாட் இன்சினுவேட்டிங் எனிதிங்’ என்பதை ஆங்கிலம் பேசும் உலகம் முழுக்கத் தாராளமாகச் சொல்கிறார்கள். எப்போது சொல்கிறார்கள்? சரியாகப் பொடி வைத்து முடித்த அடுத்த நொடியில். “கணக்கு உங்கள் கையில்தான் இருந்தது, உங்கள் வீட்டுக்கு மாடியும் எழும்பிவிட்டது. ஐயாம் நாட் இன்சினுவேட்டிங் எனிதிங்.” எதையும் சுட்டவில்லை என்று சொல்லும் வாக்கியம்தான் சுட்டுவிரலாக நிற்கிறது. ஆகவே மாணவர்கள் இந்த வினையின் தன்மை ஒருமை வடிவத்தை எதிர்மறையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யவும். தனியாக அது கிடையாது.

உச்சரிப்பு: நான்கு அசை. அழுத்தம் இரண்டாவதில், ‘ஸின்’ என்ற இடத்தில். முதல் அசையை அழுத்தினால் ஏதோ இன்ஷூரன்ஸ் விற்க வந்தவர் போலிருக்கும், கேட்பவர் புண்படமாட்டார்.

பூர்வீகம் லத்தீன். ‘சைனஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு வளைவு, மடிப்பு, மார்போடு சேர்ந்த துணி மடிப்பு என்றெல்லாம் பொருள். அந்த மடிப்புக்குள் வளைந்து நெளிந்து நுழைவதுதான் இன்சினுவேட். மழைக்காலத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கும் சைனஸும் இதே குடும்பம். பத்தாம் வகுப்பில் படுத்திய சைன் தீட்டாவும் இதே குடும்பம்தான். நம் ஊர்க் கணிதத்தின் ‘ஜீவா’ அரபிக்குப் போய், அங்கே மடிப்பு என்று வேறு விதமாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் சைனஸாக மொழிபெயர்ந்து வந்த கதை அது. மூன்றுமே தலைவலி என்பதற்கு மேல் இதில் நாம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ரோமாபுரியில் இது கெட்ட சொல்லாக இருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சிசரோ இளவயதில் எழுதிய பேச்சுக்கலை நூலில் ‘இன்சினுவாசியோ’ என்று ஒரு பாடமே உண்டு. நீதிமன்றமோ கூட்டமோ உங்கள் மீது கோபமாக இருக்கிறது. நேராக விஷயத்துக்குப் போனால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே சுற்றி வளைத்து, கேட்பவர் அறியாமல் அவர் மனத்துக்குள் நுழைந்து தொடங்கு என்பது பாடம். ஆங்கிலத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பிள்ளை கெட்டுப்போனது. பழைய பொருளின் மிச்சம் ஓரிடத்தில் இருக்கிறது: ‘ஹி இன்சினுவேட்டட் ஹிம்செல்ஃப் இன்டு தி ஃபேமிலி’. காபி குடிக்க வந்தவர், மின்கட்டணம் கட்டித் தந்து, பெண்ணுக்கு வரன் பார்த்துத் தந்து, கடைசியில் சொத்துப் பிரிவினையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த வாக்கியம் அவருக்குரியது. இந்தப் பொருளில் ‘ஹிம்செல்ஃப்’, ‘ஹெர்செல்ஃப்’ வராமல் இருக்காது.

இனி அக்கம்பக்கத்துச் சொற்கள். இங்கேதான் நிறையப் பேர் வீடு மாறிப் போய்விடுகிறார்கள்.

‘இம்ப்ளை’ என்பது நல்ல குடும்பத்துச் சொல். அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, மனிதர்கூடத் தேவையில்லை. புள்ளிவிவரம் இம்ப்ளை செய்யும். ஈரத் தரை மழையை இம்ப்ளை செய்யும். ஈரத் தரை இன்சினுவேட் செய்யாது, அதற்கு யார்மீதும் வன்மம் கிடையாது. ‘இன்ஃபர்’ எதிர்த்திசை: சொல்பவர் இம்ப்ளை செய்கிறார், கேட்பவர் இன்ஃபர் செய்கிறார். இதைக் குழப்பினால் ஆங்கிலேயர் ஒருவர் மென்மையாகத் திருத்துவார். அந்தத் திருத்தத்திலேயே உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு இன்சினுவேஷன் இருக்கும். ‘ஹின்ட்’ பிறந்தநாள் பரிசுக்கு. ‘அல்யூட்’ ஒன்றைப் பெயர் சொல்லாமல் தொட்டுப் போவதற்கு. ‘இன்யுவெண்டோ’ லத்தீனில் தலையசைத்துக் காட்டுவதிலிருந்து வந்தது. இன்று பேச்சில் பெரும்பாலும் இரட்டை அர்த்த வசனத்துக்குப் போய்விட்டது, நீதிமன்றத்தில் மட்டும் கௌரவமாக இருக்கிறது. அங்கே பிறகு போவோம்.

‘இன்டிமேட்’ விஷயத்தில் இந்தியர்களுக்குத் தனி எச்சரிக்கை. வினையாக வரும்போது அதற்கு நாசூக்காகத் தெரிவிப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. நம் அலுவலகக் கடிதங்களிலோ ‘கைண்ட்லி இன்டிமேட் தி டேட்’ என்றால் தேதியை நேரடியாக, எழுத்தில், உடனே அனுப்பு என்று பொருள். நாசூக்காக அனுப்பினால் மெமோ வரும்.

இன்சினுவேட்டுக்கு என்று இரண்டு நிபந்தனைகள். சொல்லப்படும் விஷயம் அசிங்கமானதாக இருக்க வேண்டும். ‘ஹி இன்சினுவேட்டட் தட் ஐ வாஸ் எ ஜீனியஸ்’ என்று எழுதினால் படிப்பவர் இரண்டாம் முறை படிப்பார். மேதை என்பது அந்த வட்டாரத்தில் வசவோ என்று யோசிப்பார். அடுத்தது, அதைச் செய்பவருக்கு உள்நோக்கம் இருக்க வேண்டும். சொன்னது உண்மையா பொய்யா என்பது நிபந்தனையில் இல்லை. உண்மையையும் பொடி வைத்துச் சொல்லலாம். சொல்லப்போனால் உண்மைக்குத்தான் அது பொருத்தம்.

இலக்கணத்தில் ஒரே ஒரு விதி. பொடி வைக்கும் பொருளில் ‘இன்சினுவேட்’டுக்குப் பிறகு ‘தட்’ வரும், அல்லது ‘சம்திங்’, ‘எனிதிங்’ வரும். ‘ஹி இன்சினுவேட்டட் மீ’ என்று எழுதக் கூடாது. அவமானப்பட்டது நீங்கள்தான் என்றாலும் இலக்கணம் உங்களைச் செயப்படுபொருளாக ஏற்றுக்கொள்ளாது.

இனிச் செய்முறை. ஆசான்களில் முதல் மரியாதை இயாகோவுக்கு. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வில் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியை ஒரு முறை பென்சிலோடு படித்துவிட்டு வாருங்கள். ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவோடு பேசிக்கொண்டிருந்த காசியோ, ஒதெல்லோ வருவதைக் கண்டு விலகிப் போகிறான். இயாகோ தனக்குத்தானே ஏதோ முனகுகிறான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். போனது காசியோதானே என்று கேட்டால், இருக்காது என்று மறுக்கிறான்; மறுக்கும் வாக்கியத்துக்குள்ளேயே குற்றம் செய்தவனைப் போல நழுவிப்போவது என்ற சித்திரத்தைச் செருகி வைக்கிறான். பிறகு ஒதெல்லோ கேட்கும் சொற்களையே திருப்பிக் கேட்கிறான். நீ என்ன என் எதிரொலியா என்று ஒதெல்லோ எரிச்சல்படும் வரை திருப்புகிறான். இவ்வளவில் இயாகோ சொன்ன செய்தி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மிச்சத்தையெல்லாம் ஒதெல்லோவே எழுதிக்கொள்கிறான். கடைசி அங்கத்தில் குட்டு உடைந்தபோதும், தான் நினைத்ததைத்தான் சொன்னேன், ஒதெல்லோவுக்கே பொருத்தமாகப் பட்டதைத் தாண்டி எதையும் சொல்லவில்லை என்பதாக வாதாடுகிறான் பாருங்கள், தொழில் சுத்தம்.

என் குறை ஒன்று உண்டு. அதே காட்சியின் பிற்பகுதியில் காசியோ தூக்கத்தில் உளறினான், கைக்குட்டையை அவன் கையில் பார்த்தேன் என்றெல்லாம் இயாகோ நேர்ப் பொய்க்கு இறங்கிவிடுகிறான். அது அவசரக்காரன் வேலை. அந்தக் கைக்குட்டைதான் பிறகு அவனைக் காட்டிக்கொடுக்கிறது. முனகலோடு நிறுத்தியிருந்தால் அவன் மனைவி எமிலியாவிடம் சாட்சி சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. (நம் ராமாயணத்துக் கூனியை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அவள் பாவம், விஷயத்தை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவள்.)

இயாகோ அளவுக்கு நடிப்பு வராதவர்களுக்குப் பாராட்டு முறை. இதன் ஆகச் சிறந்த உதாரணத்தைத் தந்தவரும் ஒரு தத்துவவாதிதான்: ஹெச். பி. கிரைஸ். 1967-இல், ஆஸ்டின் பேசிய அதே ஹார்வர்டு சொற்பொழிவு வரிசையில் பேசினார். அந்தப் பகுதி 1975-இல் அச்சில் வந்தது. தத்துவத் துறை வேலைக்கு ஒரு மாணவர் விண்ணப்பிக்கிறார். பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார்: இவருக்கு ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உண்டு, வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தார். இவ்வளவுதான் கடிதம். தத்துவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேலை போயிற்று. பேச்சுக்கு இடம் பார்த்து, வேண்டிய அளவு சொல்வோம் என்று கேட்பவர் நம்பிக்கொண்டிருக்கிறார். வேண்டியதைச் சொல்லாமல் விட்டால், விட்டதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று அவரே கண்டுபிடித்துக்கொள்கிறார். கிரைஸ் இதற்கு ‘இம்ப்ளிகேச்சர்’ என்று பெயர் வைத்தார். உங்களுக்குப் பெயர் முக்கியமில்லை. செய்ய வேண்டியது இது: சமையல்காரரைச் சுத்தத்துக்காகப் பாராட்டுங்கள். பாடகரை ஜிப்பாவுக்காக. நாவலாசிரியரிடம், “அட்டைப்படம் யார் செய்தார்கள்? பிரமாதம்.” அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் தார்ன்டன் என்பவர், திட்டாமல் திட்டும் பரிந்துரை வாக்கியங்களைத் திரட்டி ஒரு நூலே போட்டிருக்கிறார். நூற்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘லையர்’, அதாவது பொய்யன்.

பாராட்ட மனம் வராதவர்களுக்கு ஒற்றைச் சொல் முறை. ஆங்கிலக் கப்பல் கதை ஒன்று உண்டு. மொழியியல் வகுப்புகளில் இன்றும் சொல்வார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக உதவி மாலுமியைப் பற்றிக் கேப்டன் நாட்குறிப்பில் எழுதிவிட்டார். அடுத்த நாள் எழுதும் முறை உதவி மாலுமிக்கு. அவர் எழுதினார்: ‘இன்று கேப்டன் நிதானமாக இருந்தார்.’ ஒரு பொய் இல்லை. ‘இன்று’ என்ற சொல் மட்டும் மற்ற நாட்களையெல்லாம் கூண்டில் ஏற்றிவிட்டது. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ‘டுடே’, ‘ஈவன்’, ‘ஃபார் ஒன்ஸ்’, ‘அப்பேரன்ட்லி’ என்று ஒரு படையே இருக்கிறது. தமிழர்களுக்கு இது புதிதில்லை, நம்மிடம் தனிச் சொல்கூட வேண்டாம். ஓர் ஒட்டு போதும். “இன்றைக்காவது குளித்தாயே.” அந்த ‘ஆவது’ செய்யும் சேதத்தை ‘ஃபார் ஒன்ஸ்’ கிட்ட நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஆங்கிலத்தில் தடுமாறும்போது மனத்துக்குள் ஒரு ‘ஆவது’ போட்டுப் பார்த்து, பிறகு ஆங்கிலப்படுத்தவும்.

நாடாளுமன்ற முறை என்று ஒன்றும் உண்டு, அது மேல்வகுப்பு. பிரிட்டன் மக்களவையில் ஓர் உறுப்பினர் இன்னொருவரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. சொன்னால் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் வெளியே. தடை விதித்தால் மொழி வளரும் என்பதற்கு அந்த அவையே சாட்சி. 1906-இல் தென்னாப்பிரிக்காவில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பற்றிய விவாதத்தில் வின்ஸ்டன் சர்ச்சில், அவர்களுடைய ஒப்பந்தத்தை அடிமைத்தனம் என்று சொல்வது ‘டெர்மினலாஜிகல் இன்எக்ஸாக்டிட்யூட்’ ஆகிவிடலாம் என்றார். பெயரிடுவதில் துல்லியக் குறைவு என்ற பொருளில்தான் அவர் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் அந்த ஆபரணத்தை விடுவார்களா? பொய் என்று சொல்ல முடியாத இடத்திலெல்லாம் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். 1986-இல் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் சிட்னி நீதிமன்றக் கூண்டில் நின்று, ஒரு கடிதத்தைப் பற்றி, உண்மையில் சிக்கனம் காட்டியது என்ற மாதிரி ஒரு பழைய தொடரை உதிர்த்தார். குறுக்கு விசாரணை செய்தவர் மால்கம் டர்ன்புல், பிற்காலத்து ஆஸ்திரேலியப் பிரதமர். சிக்கனம் என்ற நல்ல குணத்துக்கு அன்றோடு ஆங்கிலத்தில் பெயர் கெட்டது.

அலுவலக மின்னஞ்சலில் சர்ச்சில் எல்லாம் வேண்டாம். ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்’ என்று தொடங்கினால், உனக்குப் படிக்கத் தெரியாது என்று ஆயிற்று. ‘ஜஸ்ட் எ ஜென்டில் ரிமைண்டர்’ என்றால் உனக்கு மறதி. மேலாளரை நகலில் சேர்த்து ‘ஃபார் விசிபிலிட்டி’ என்று போட்டால், உன்னை இனி நம்ப முடியாது, சாட்சி வைத்துக்கொண்டுதான் பேசுவேன் என்று பொருள். மூன்றும் மரியாதையான வாக்கியங்கள். எந்த மனிதவளத் துறையும் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. இந்தப் பிரிவில் உங்களுக்குக் கற்றுத்தர என்னிடம் ஒன்றுமில்லை. ஐடி கம்பெனியில் ஆறு மாதம் இருந்தவரைக் கேளுங்கள்.

‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று சொன்னால் தப்பித்துவிடலாம் என்பதுதான் இந்தக் கலையின் மூலதனம். இந்த நம்பிக்கையோடு நீதிமன்றப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

மெக்காலே தலைமையிலான ஆணையம் முதல் வரைவு எழுதி, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு அவதூறு பற்றியது. அதில் உதாரணங்கள் உண்டு. முதல் உதாரணத்தில் ‘ஏ’ என்பவர், ‘இசட்’ நேர்மையான மனிதர், ‘பி’யின் கைக்கடிகாரத்தை அவர் திருடவே இல்லை என்கிறார். கேட்பவர்கள் திருடியது இசட்தான் என்று நம்ப வேண்டும் என்பது அவர் நோக்கம். இது அவதூறு என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில் கடிகாரத்தைத் திருடியது யார் என்று கேட்டால் ஏ வாயைத் திறக்கவில்லை, இசட்டை நோக்கிக் கையை நீட்டுகிறார். அதுவும் அவதூறு. மூன்றாவதில் இசட் கடிகாரத்தோடு ஓடுவதாகப் படம் வரைகிறார். அதுவும். ஏ-யின் விடாமுயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். வஞ்சப் புகழ்ச்சியும் அவதூறாகலாம் என்று விளக்கக் குறிப்பு தனியாக வேறு இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் நம் சம்பந்தி வீட்டுப் பந்தியில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. கடிகாரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இரண்டாண்டு வரை சிறைவாசமும் அப்படியே.

படம் வரைந்து மாட்டிக்கொண்டவர்கள் நிஜத்திலும் உண்டு. 1928-இல் பிரிட்டனின் ஃப்ரை சாக்லேட் கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது. சிரில் டாலி என்ற கோல்ஃப் வீரர் பந்தை ஓங்கி அடிக்கிறார்; அவர் பையிலிருந்து சாக்லேட் எட்டிப் பார்க்கிறது. இதில் அவமானம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். டாலி பணம் வாங்காமல் விளையாடும் அமெச்சூர் வீரர். விளம்பரத்துக்குத் தன்னை விற்றுவிட்டார் என்று ஊர் நினைக்கும் என்றார், அவரிடம் கம்பெனி அனுமதியும் கேட்டிருக்கவில்லை. பிரபுக்கள் சபை 1931-இல் அவர் பக்கம் நின்றது. விஷயம் தெரிந்தவர் பார்த்தால் என்ன தோன்றுமோ அதுவும் பொருள்தான் என்பது அந்த வழக்கின் சாரம். இதைத்தான் ஆங்கிலச் சட்டத்தில் இன்யுவெண்டோ என்கிறார்கள்.

அப்பாவி வேஷம் போடுபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், பிபிசி நிகழ்ச்சி ஒன்று பெயர் சொல்லாமல் ஓர் அரசியல்வாதிமீது பாலியல் குற்றச்சாட்டை ஒளிபரப்பியது. குற்றச்சாட்டே பொய் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ட்விட்டரில் மெக்ஆல்பைன் பிரபுவின் பெயர் அடிபடத் தொடங்கிவிட்டது. அப்போதைய பிரிட்டிஷ் மக்களவைத் தலைவரின் மனைவி சாலி பெர்கோ, மெக்ஆல்பைன் பிரபு ஏன் டிரெண்டிங்கில் இருக்கிறார் என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். பக்கத்தில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ‘இன்னசென்ட் ஃபேஸ்’ என்று போட்டார், அப்பாவி முகமாம். கேள்விதானே கேட்டேன் என்பது வாதம். அந்த இரண்டு சொற்களைப் படிக்கும் யாருக்கும் அது உண்மையான கேள்வி இல்லை என்று புரியும் என்றது உயர் நீதிமன்றம். ட்வீட் அவதூறுதான் என்று தீர்ப்பானது. நட்சத்திரம் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வழக்கறிஞர்கள் விவாதிக்கட்டும். நமக்கு வேண்டிய பாடம் வேறு: அப்பாவி முகத்தை முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், எழுதிக் காட்டக் கூடாது. பொதுவாகவே எழுத்தில் பொடி வைப்பதைத் தவிர்க்கவும். வாய்ப்பேச்சில் தொனி காற்றோடு போகும், ஸ்கிரீன்ஷாட்டில் போகாது.

கடைசியாக, பொடி உங்கள்மீது வைக்கப்படும்போது என்ன செய்வது? ஆங்கிலப் படம் பார்த்தவர்கள் எல்லாருக்கும் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: ‘வாட் ஆர் யூ இன்சினுவேட்டிங்?’ இந்த வினைச்சொல் உலகத்தில் அதிகம் புழங்குவது இந்த ஒரு கேள்வியில்தானோ என்று எனக்குச் சந்தேகம். கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எதிராளி புருவத்தை உயர்த்தி, “நான் ஒன்றும் சொல்லவில்லையே, நீங்கள் ஏன் பதறுகிறீர்கள்?” என்பார். முன்பு ஒரு பொடிதான் இருந்தது, இப்போது இரண்டு. இதைவிட மோசம், கேள்வியை முழுசாகக் கேட்பது: ‘ஆர் யூ இன்சினுவேட்டிங் தட் ஐ டுக் தி மனி?’ அறையில் பணத்தை எடுத்தது பற்றி முதலில் வாய் திறந்தது யார்? நீங்கள். எதிராளி இன்னும் முந்திரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அந்த நேரத்தில் இந்த வினைச்சொல்லைத் தொடவே தொடாதீர்கள். மந்தமாக இருங்கள். கோபமோ சிரிப்போ இல்லாத முகத்தோடு, ‘சாரி, ஐ டோன்ட் ஃபாலோ. வாட் டூ யூ மீன்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பொடி வைப்பவருக்குக் கேட்பவரின் புத்திசாலித்தனம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தொழில் நடக்காது. அவர் இரண்டாம் முறை சுற்றி வளைத்தால், இரண்டாம் முறையும் புரியவில்லை என்று சொல்லுங்கள். மூன்றாம் முறை அவர் ஒன்று நேராகச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் விழுங்கியாக வேண்டும். நேராகச் சொன்னால் நேராகப் பதில் சொல்லலாம். தேவைப்பட்டால் 356-ஆம் பிரிவும் இருக்கிறது. விழுங்கினால், விஷயம் முடிந்தது, டீ சாப்பிடக் கூப்பிடுங்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ‘ஹி இன்சினுவேட்டட் தட் ஐ டுக் தி மனி’ என்று வீட்டாரிடம் படர்க்கையில், இறந்தகாலத்தில், ஆசை தீரச் சொல்லிக்கொள்ளுங்கள். அழுத்தம் ‘ஸின்’னில்.